கிளித்தட்டில் கார்கள்

1

நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் முன்னால் ஒரு முற்றம் இருக்கிறது. முற்றம் என்றவுடன் மண்ணையும் முருங்கையையும் நினைக்க வேண்டாம். தார் போட்ட வெறும் நிலம். மூன்று பக்கமும் செங்கல் வீடுகள், நாலாவது பக்கம் லண்டன் தெரு. தெருவோரச் சுவரில் நகரசபை ஒரு பலகை அடித்திருக்கிறது: "இங்கே பந்து விளையாட அனுமதி இல்லை."

பலகைகளை வாசிக்காமல் தாண்டிப் போக எனக்கு வராது. அதற்குக் காரணம் ஐயா, என் அப்பா. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐயா பருத்தித்துறையில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தார். காற்றைப் பார்த்து நாளைய கடலைச் சொல்வார், ஆனால் தன் பெயரை எழுதத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் பின்னேரங்களில் என்னைச் சைக்கிளில் வைத்து ஊரைச் சுற்றுவார். கடைப் பலகை, பஸ் பலகை, ஆஸ்பத்திரிப் பலகை எல்லாவற்றுக்கும் முன்னால் சைக்கிள் நிற்கும்.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு? வாசி பிள்ளை."

நான் வாசிப்பேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, "காது கேக்கேல்லை, பலத்து வாசி" என்பார். ஒரு நாள் இறங்குதுறைப் பக்கம் ஒரு பலகை புதிதாக நின்றது. "இங்கே வலை காயப்போடக் கூடாது" என்று வாசித்தேன். அதற்குக் கீழேதான் எங்கள் வலை காய்ந்துகொண்டிருந்தது.

ஐயா பலகையையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது வாசிக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு எழுதினது."

"எனக்கு வாசிக்கத் தெரியுமே ஐயா."

"அப்ப நீ காயப்போடாதை."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

2

என் மகள் சுமதிக்கு ஏழு வயது. இந்த நாட்டில் பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ் கதைப்பாள். படிக்கட்டில் கால் வைத்ததும் ஆங்கிலம் வந்துவிடும். கீழ்ப்படியில் நின்று நான் தமிழில் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

எங்கள் கட்டடத்தில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஜமேக்காக்காரர், வங்காளிகள், அயர்லாந்துக்காரர், இந்த ஊர் வெள்ளையர் என்று எல்லா வீட்டிலும் இரண்டு மூன்று இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாரும் முற்றத்துக்கு வருவார்கள். வந்து சுவரில் சாய்ந்து நிற்பார்கள். பெரிய பிள்ளைகள் தங்களுக்குள் கூடிக் கதைக்கும். சுமதி சற்றுத் தள்ளித் தனியாக நிற்பாள். நான் மூன்றாம் மாடி யன்னலால் பார்ப்பேன். அவளை யாரும் விலக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

"ஏன் பிள்ளை ஒருத்தரும் விளையாடுறேல்லை?" என்று கேட்டேன்.

"போர்ட் இருக்குத்தானே அம்மா."

"பந்துதானே கூடாதெண்டு போட்டிருக்கு. பந்து இல்லாமல் விளையாடுங்கோவன்."

"பந்து இல்லாமல் என்னத்தை விளையாடுறது?"

இந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. பருத்தித்துறையில் வளர்ந்த என்னிடம், என் வயிற்றில் பிறந்தது, பந்து இல்லாமல் என்ன விளையாடுவது என்று கேட்கிறது.

அடுத்த நாளே கட்டடக் காவலர் மிஸ்டர் வார்டைப் பிடித்தேன். நல்ல மனிதர், ஆனால் அந்தப் பலகையைத் தன் கையாலே எழுதியவர் போல நடந்துகொள்வார். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்ததை இங்கே தமிழில் தருகிறேன்.

"பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்."

"பந்து?"

"இல்லை."

"மட்டை?"

"இல்லை."

"எறிகிற சாமான் ஏதாவது?"

"ஒன்றும் இல்லை."

"அப்படியென்றால் அது என்ன விளையாட்டு?"

"ஓடுவது."

மிஸ்டர் வார்ட் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஓடுவதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. "அதை நான் தடுக்க முடியாது," என்றார், மிகவும் வருத்தத்தோடு.

3

கிளித்தட்டு தெரியாதவர்கள் ஊரில் இல்லை. ஆனாலும் எங்கள் துறைமுகத் தெருவில் எப்படி விளையாடினோம் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை வரக் கூடாது.

நீளமாக ஒரு பெட்டி கீற வேண்டும். நடுவால் நெடுக ஒரு கோடு, குறுக்கே ஐந்தாறு கோடுகள். இப்போது இரண்டு வரிசையில் சின்னப் பெட்டிகள் கிடைக்கும். ஒரு கட்சி குறுக்குக் கோடுகளில் ஆளுக்கொருவராக நின்று மறிக்கும். மற்றக் கட்சி அவர்கள் கையில் அகப்படாமல் பெட்டிக்குப் பெட்டி பாய்ந்து மறுகரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். மறிக்கிறவர்களின் தலைவருக்கு மட்டும் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓட உரிமை உண்டு. அவர்தான் கிளி. போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து முதல் கோட்டைத் தாண்டினால் "பழம்" என்று கத்துவோம். பழம் வந்தால் வெற்றி.

எங்கள் தட்டு பஸ் நிற்கும் வெளியில் இருந்தது. சந்தை கலைந்து, மீன்காரர்கள் கூடையைக் கழுவிக்கொண்டு போன பிறகு, அடுப்புச் சாம்பலைத் தகரப் பேணியில் கொண்டுவந்து கோடு போடுவோம். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் வந்துவிடும். அது திரும்புவதற்கு அந்த வெளியை விட்டால் வேறு இடம் இல்லை. நாங்கள் ஒதுங்குவோம். பஸ் எங்கள் கோடுகளுக்கு மேலால் ஏறித் திரும்பி நிற்கும்.

"அண்ணை, எங்கடை கோட்டை அழிச்சுப் போட்டியள்."

சாரதி யன்னலால் தலையை நீட்டுவார். "பஸ்ஸைத் தலையிலை தூக்கி வைச்சுத் திருப்பட்டே பிள்ளை?"

"சாம்பலுக்கு ஆர் பொறுப்பு?"

"வீட்டை வா, மனுசி ஒரு கடகம் நிறையச் சாம்பல் தருவா."

சில நாட்களில் எங்கள் ஆட்டம் இறுகிப்போய் நிற்கும். அன்றைக்கு அவர் பஸ்ஸை வெளியின் ஓரத்தில் நிறுத்தி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பழம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருக்கும் சனங்கள் கத்துவார்கள். "கொஞ்சம் பொறுங்கோ, உந்தக் குட்டி வந்திடுவாள் போலை கிடக்கு" என்பார். அந்தக் குட்டி நான்.

வயதுக்கு வந்து பெரிய பிள்ளையானதும் என் ஆட்டம் நின்றது. அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னா: "இனி வெளியிலை ஓடுறேல்லை." அதன்பிறகு பின்னேரங்கள் முழுவதும் எனக்கு மிச்சமாகக் கிடந்தன. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் புத்தகங்களை விரித்தேன். நான் தாதியாகி லண்டனுக்கு வந்து சேர்ந்ததற்கு என் மூளையைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். பாதிப் புகழ் அந்த வெறும் பின்னேரங்களுக்குப் போக வேண்டும். மற்றப் பாதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

4

லண்டனில் அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது? முதலில் கோதுமை மாவால் கோடு போட்டேன். கீழே நான் போட்டுக்கொண்டு போக, பின்னால் புறாக்கள் தின்றுகொண்டு வந்தன. பிறகு சோக்கால் கீறினேன். அன்றிரவே மழை. அப்போதுதான் குளியலறைக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற் அலுமாரிக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது.

"உமக்கு விசரே?" என்றார் என் கணவர். அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறார். எந்த அரசாங்கத்தைக் கண்டாலும் பயம். "நகரசபையின்ரை நிலத்திலை பெயின்ற் அடிக்கிறதோ? வீட்டைப் பறிச்சுப் போட்டுத் தெருவிலை விட்டிடுவாங்கள்."

"மிஸ்டர் வார்ட்டிட்டைக் கேட்டிட்டன்."

"ஓடக் கேட்டனீர். அடிக்கக் கேட்டனீரோ?"

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கட்டடம் தூக்கத்தில் இருக்கும்போது, காலால் அடி அளந்து, கயிறு பிடித்து, முழுத் தட்டையும் பூசி முடித்தேன். முற்றம் நீளமானது. அதனால் இடத்தை வீணாக்காமல் பெட்டிகளையும் கொஞ்சம் நீட்டிப் போட்டேன். கோடுகள் நேராக, வெள்ளையாக, பார்க்க அழகாக இருந்தன. சாம்பல் கோடு போட்டுப் பழகிய எனக்கு அது அரண்மனை முற்றம் மாதிரித் தெரிந்தது. சுமதி இரவு உடுப்போடு இறங்கி வந்து பார்த்தாள்.

"பின்னேரம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா," என்றேன்.

"நானோ?"

"நீதான். நீதானே கிளி."

அவள் அன்று காலையிலேயே கதவு கதவாகத் தட்டி எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள். அவள் தானாகப் போய் ஒரு கதவைத் தட்டியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஆனால் பின்னேரம் ஆஸ்பத்திரியில் ஒரு தாதி வராததால் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்டத்தை அடுத்த நாளைக்குத் தள்ளினோம்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தேன். என் கிளித்தட்டில் கார்கள் நின்றன. பெட்டிக்கு ஒன்றாக, கோட்டில் ஒரு சக்கரமும் படாமல், வெகு ஒழுங்காக.

எதிர்வீட்டு மிஸ்டர் லோ தன்னுடைய பழைய பச்சைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவர், அதிகம் சிரிக்காதவர். அன்றைக்குச் சிரித்தார்.

"பார்த்தீர்களா? எத்தனை வருடமாகக் கேட்டோம். கடைசியில் நகரசபை கார் நிறுத்த இடம் தந்துவிட்டது."

"யார் சொன்னது?"

"யாராவது சொல்ல வேண்டுமா? கோடு போட்டிருக்கிறார்களே."

இந்த நாட்டுச் சனங்களைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. தார் வெறுமையாகக் கிடந்த காலம் முழுக்க ஒருவரும் அங்கே காரைக் கொண்டுவரவில்லை. கோட்டைக் கண்டதும் வந்துவிட்டார்கள். ஊரில் கோட்டைக் கண்டால் பாய்ந்து தாண்டுவோம். இங்கே உள்ளே போய் அடங்கி நிற்கிறார்கள்.

5

சுமதி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டு மேசையில் தலை நிமிரவில்லை.

"என்ன பிள்ளை?"

"முந்தி நிக்கவாவது இடம் இருந்தது. இப்ப அதுவும் இல்லை. எல்லாரும் உன்ரை அம்மாவாலைதான் எண்டு சொல்லுகினம்."

முன்பு அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது எல்லாரும் அவளைச் சுட்டிக் காட்டினார்கள். நான்தான் அவளைக் கதவு கதவாக அனுப்பினேன். இதைச் சரிக்கட்டாமல் விட்டால் இந்தப் பிள்ளை இனி ஒரு கதவையும் தட்டாது என்று எனக்குத் தெரிந்தது.

நகரசபைக்குப் போனேன். துணைக்கு வந்த கணவர் வாசலோடு நின்றுவிட்டார். "நான் இஞ்சை நிக்கிறன். பிடிச்சால் சொல்லி அனுப்பும்."

முதல் யன்னலில் இருந்த பெண்ணிடம், அது கார் நிறுத்தும் இடம் இல்லை, கிளியினுடைய இடம் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டு, வாடகை வீட்டில் பறவை வளர்ப்பதுபற்றி விசாரிக்கும் பகுதிக்கு என்னை அனுப்பினாள். அங்கிருந்தவர், கூண்டு எவ்வளவு பெரிது என்று கேட்டார். முற்றம் முழுவதும் என்றேன். அவர் என்னை மேல்மாடிக்கு அனுப்பினார்.

மேல்மாடியில் ஓர் இளைஞர். அவரிடம் கிளியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"அந்தக் கோடுகளை நான்தான் போட்டேன். அழித்துத் தாருங்கள்."

அவர் ஒரு வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "எங்கள் ஆள் போய் அளந்து பார்த்திருக்கிறார், அம்மணி. கார் நிறுத்தும் அளவுக்கு மிகச் சரியாக இருக்கிறது. இது தெரிந்தவர்கள் செய்த வேலை."

"தெரிந்துதான் செய்தேன்."

"எதனால் அளந்தீர்கள்?"

"காலால்."

அவர் மேசைக்கு மேலால் எட்டி மரியாதையோடு என் சப்பாத்தைப் பார்த்தார். "நகரசபையில் கோடு போட்ட பகுதிதான் அதை அழிக்க வேண்டும். எந்தப் பகுதி போட்டது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."

"போட்ட பகுதி நான்தான்."

அவர் சிரித்தார். நானும் வேறு வழி இல்லாமல் சிரித்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போய், என்னால் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது என்று தள்ளுபடி செய்யப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசலில் கணவர் நின்ற நிலையிலேயே கேட்டார்.

"என்ன சொன்னவங்கள்?"

"நல்ல வேலையாம்."

6

பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் ஊர்ச் சாரதியின் நினைவு வந்தது. அந்த வெளி பஸ்ஸுக்கா பிள்ளைகளுக்கா என்று எந்தக் கந்தோரிலும் ஒருவரும் கேட்டதில்லை. ஆட்டம் நடந்தால் அவர் பொறுப்பார், பஸ் வந்தால் நாங்கள் ஒதுங்குவோம். ஆனால் அதற்கு முதலில் ஆட்டம் என்று ஒன்று நடக்க வேண்டும். நடக்காத ஆட்டத்துக்கு யார் பொறுப்பார்கள்?

சனிக்கிழமை மத்தியானம் கார்க்காரர்கள் சாமான் வாங்கப் போய்விடுவார்கள். அந்த நேரம் பார்த்து சுமதியைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

"போய்க் கூப்பிடு."

"வரமாட்டினம்."

"சரி, வராட்டில் நானும் நீயும் விளையாடுவம்."

அது அவளைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். தாயோடு தனியாக முற்றத்தில் ஓடுவதைவிடக் கதவைத் தட்டுவது மேல் என்று நினைத்து ஓடினாள். அரைமனதோடு நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். விளக்கினேன். முதல் ஆட்டம் குழம்பியது. இரண்டாவது ஆட்டத்தில் ஜமேக்காப் பெடியன் ஒருவன் சுமதியின் கைக்குக் கீழால் குனிந்து பாய்ந்தான். அவள் நடுக்கோட்டில் திரும்பி ஓடி அவன் சட்டையைப் பிடித்தாள். அங்கே எழும்பிய கூச்சலைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் படிகளில் இறங்கி வந்தார்கள்.

அப்போது பச்சைக் கார் வந்தது.

மிஸ்டர் லோ முதல் கோட்டுக்கு வெளியே காரை நிறுத்தினார். பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். எல்லாக் கண்களும் சுமதியின் பக்கம் திரும்பின. அவள் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் நடுக்கோட்டை விட்டு அசையவில்லை. நான் காருக்குப் பக்கத்தில் போனேன்.

"என்னுடைய இடத்தில் நிற்கிறீர்கள்," என்றார்.

"ஆட்டம் நடக்கிறது, மிஸ்டர் லோ."

"என்ன ஆட்டம்?"

"இந்தக் கோடுகள் இதற்காகப் போட்டவை. அந்த நடுக்கோட்டைப் பாருங்கள், அதில் கிளி ஓடும். கார் நிறுத்த வேண்டுமென்றால் இவ்வளவு கோடு எதற்கு?"

அவர் கோடுகளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யார் போட்டது?"

"நான்."

மேல்மாடி இளைஞர் நம்பாததை இவர் நம்பினார். என் மூக்கில் இருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்து, "அதுதானே, நகரசபை என்றால் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது," என்றார். இயந்திரத்தை நிறுத்தினார். "எப்போது முடியும்?"

"பழம் வந்ததும்."

பழம் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. காருக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த கார்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றன. முன்னால் ஒருவர் நின்றால் இவர்கள் பின்னால் நிற்பார்கள், ஏன் என்று பிறகுதான் கேட்பார்கள். பழம் வர நிறைய நேரம் எடுத்தது. வந்தபோது பிள்ளைகள் கத்திய கத்தலில் மிஸ்டர் லோவின் கார் ஹோர்னும் ஒருதரம் ஒலித்தது. கை தவறிப் பட்டுவிட்டதாம்.

7

அதன்பிறகு ஒருவரோடு ஒருவர் கதைத்து முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடம் விட்டதில் இருந்து விளக்கு எரியும் வரைக்கும் முற்றம் பிள்ளைகளுக்கு. பிறகு கார்களுக்கு. மிஸ்டர் லோ தன் காரைத் தெருவில் விட்டுவிட்டு வந்து, மறிக்கிறவர்களில் ஆள் குறைந்தால் ஒரு கோட்டில் நிற்கிறார். அவரைத் தாண்டுவது சுலபம், ஆனால் ஏமாற்ற மாட்டார். மிஸ்டர் வார்ட் பலகையை மட்டும் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறார். ஐயாவுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். தம்பி வாசித்துக் காட்டியதும், "எல்லாம் சரி, பெயின்ற் என்ன விலையாம்?" என்று கேட்டாராம்.

நகரசபையும் சும்மா இருக்கவில்லை. கோடு போட்ட பகுதி எது என்று கண்டுபிடித்தார்களோ தெரியாது, போன மாதம் இரண்டு பேர் வாளியும் தூரிகையுமாக வந்து, என் கோடுகளுக்கு மேலாலே மறுபடி பூசி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பெரிதாக இலக்கமும் போட்டுவிட்டுப் போனார்கள். கிளித்தட்டைக் கெடுத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம்.

அதன்பிறகு இரவு வேலையாக இருந்ததால் சில வாரம் ஆட்டத்தின் பக்கம் போகவில்லை. போன சனிக்கிழமைதான் ஆட்டத்துக்குப் போனேன். சுமதி கிளி. நான் எதிர்க்கட்சி. பழைய கால் இன்னும் சொன்னதைக் கேட்கிறது. இரண்டு கோட்டைத் தாண்டினேன். சுமதி வலப்பக்கம் பார்க்கும் நேரம் பார்த்து இடப்பக்கம் பாய்ந்தேன். அவள் கை என்னில் படவில்லை.

"அவுட்," என்றாள்.

"தொடேல்லையே பிள்ளை."

"நம்பர் சொல்லாமல் பாய்ஞ்சனீங்கள். எந்தப் பெட்டிக்குப் போறீங்களோ அந்த நம்பரைக் கத்திப்போட்டுத்தான் பாயவேணும்."

"கிளித்தட்டிலை நம்பர் இல்லை."

"அது பருத்தித்துறையிலை அம்மா. இஞ்சை நம்பர் இருக்குத்தானே."

முற்றம் நிறையப் பிள்ளைகள் நின்றார்கள். அவள் இவ்வளவையும் அவர்களுக்கு முன்னால் தமிழில்தான் சொன்னாள். பிறகு அவர்களுக்கு விளங்குவதற்காக ஆங்கிலத்தில் ஒருதரம் சொன்னாள். அவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வாதாடிப் பார்த்தேன். எங்கே பாயப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் மறிப்பவர்களுக்குச் சுலபம்தானே என்றேன். அதனால்தான் கஷ்டம், அதனால்தான் நல்லது என்று வங்காளிப் பிள்ளை ஒன்று எனக்கு விளக்கியது.

வெளியே வந்து சுவரில் ஏறி இருந்தேன். பக்கத்தில் மிஸ்டர் லோ இருந்தார். அவரும் அன்று ஓடுகிற கட்சியில் நின்று, இலக்கம் சொல்ல மறந்து அவுட்டாகி வந்தவர்தான்.

"இது யார் போட்ட சட்டம்?" என்று கேட்டார்.

"என் மகள் போட்டது," என்றேன். குரல் தேவைக்கு மேல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். சுமதி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ "ஒன்பது" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்கள், அவள் நடுக்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.